திமிலைத் தாண்டாதவர்கள்!

"பாசிகாட்டா? பேரே நல்லால்லையே! ஒரு பக்கம் பாசி, இன்னொரு பக்கம் காடு. வழுக்கி விழுந்தா தூக்கறதுக்குக்கூட ஆள் இருக்காது!"

அருணாசலப் பிரதேசம் போகலாமா என்று நான் மெதுவாக வாயைத் திறந்ததும் என் இல்லத்தரசி உதிர்த்த முதல் கருத்து இதுதான். காசி, கயா, பத்ரிநாத் என்றால் மறுநாளே பெட்டி கட்டுகிறவள். "அங்கே அப்படி என்ன கோயில் இருக்கு?" என்றாள்.

"கோயில் இல்லே. மியூசியம். ரெண்டாவது உலகப் போர்ல மலையில மோதிக் காணாமப் போன விமானங்களுக்கு ஒரு நினைவிடம் கட்டியிருக்காங்க."

"காணாமப் போனதை எப்படிங்க மியூசியத்துல வைப்பாங்க?"

நாற்பத்தைந்து வருட தாம்பத்தியத்தில் அவளுடைய கேள்விகளுக்கு நான் உடனே பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது அவளே ஆரம்பித்தாள். "நீங்க சொன்ன அந்த மலை, பர்மா பக்கமா?"

"பக்கம்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மறுநாள் காலை தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தை மாசம் போகலாம். தேதி நான் சொல்றேன். அந்தத் தேதிக்கே டிக்கெட் போடுங்க" என்றாள். ராகு காலம், சூலம் பார்க்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சம்மதம் கிடைத்ததே பெரிய விஷயம். காரணமெல்லாம் கேட்டால் காரியம் கெட்டுவிடும்!

*

சென்னையிலிருந்து கொல்கத்தா. அங்கிருந்து அஸ்ஸாமில் இருக்கும் திப்ருகர்.

சென்னை விமான நிலையத்தில் அவள் கைப்பையிலிருந்த ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். அவள் அந்தப் பெண் காவலரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்ல, அவரும் தலையசைத்து விட்டுவிட்டார். "என்ன அது?" என்று கேட்டேன். "உங்களுக்கு எல்லாம் தெரியணுமா?" என்ற பதில் வந்தது.

திப்ருகரை நெருங்கும்போது மேகத்துக்குள் நுழைந்தது விமானம். அவ்வளவுதான்! திருவல்லிக்கேணி சந்தில் பள்ளம் பார்க்காமல் போகிற ஆட்டோ மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது. பெல்ட்டைப் போடச் சொல்லி ஏர்ஹோஸ்டஸ் குரல். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசத்தை எக்ஸ்பிரஸ் வேகத்தில் சொல்லிக்கொண்டே, நடுநடுவே கண்ணைத் திறந்து என்னை முறைத்தாள். 'எல்லாம் உங்களால்தான்' என்று அதற்கு அர்த்தம். நானும் தைரியமாகத்தான் இருந்தேன். முன் சீட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு!

பத்து நிமிடம்தான். தரையில் சக்கரம் பட்டதும் எல்லாரும் செல்போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நான் கொஞ்சநேரம் நின்றேன். அந்த விமான நிலையம் இருக்கும் இடத்துக்கு மோகன்பாரி என்று பெயர். 1942-லிருந்து 1945 வரை இந்த மோகன்பாரியிலிருந்தும், பக்கத்தில் இருக்கும் சாபுவா, சூகெராடிங், ஜோர்ஹாட் போன்ற தளங்களிலிருந்தும் அமெரிக்க விமானங்கள் இரவும் பகலுமாகக் கிளம்பிக் கொண்டிருந்தன. நமக்குப் பத்து நிமிடம் ஆடியது. அவர்களுக்கு வழி நெடுக ஆடியது. நமக்கு ராடார் உண்டு, வானிலை அறிக்கை உண்டு, காற்றழுத்தம் சீராக்கப்பட்ட கேபின் உண்டு, சாண்ட்விச் கூட உண்டு (அதற்குத் தனிக் காசு). அவர்களுக்கு நம்பகமான வரைபடம் கூடக் கிடையாது. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பையன்கள். இப்போது நம் வீட்டில் அந்த வயதுப் பையனிடம் பைக் சாவியைக் கொடுக்கவே யோசிக்கிறோம்!

*

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சீனாவின் கடற்கரையைப் பூராவும் ஜப்பான் வளைத்துவிட்டது. வெளியிலிருந்து சீனாவுக்குத் துப்பாக்கியோ பெட்ரோலோ போகவேண்டுமானால் மிச்சமிருந்தது பர்மா ரோடு. லாஷியோவில் ஆரம்பித்து குன்மிங் வரை போகும் மலைச் சாலை. 1942 ஏப்ரல் 29 அன்று லாஷியோவும் ஜப்பானியர் கைக்குப் போனது. தரை வழி அடைபட்டுவிட்டது. இனி ஆகாயம்தான்.

அஸ்ஸாமுக்கும் குன்மிங்குக்கும் நடுவே சுமார் 800 கிலோ மீட்டர். தூரம் பெரிய விஷயமில்லை. நடுவே நிற்கிற மலைதான் விஷயம். இமயமலையின் கிழக்குக் கோடி, ஒன்றன்பின் ஒன்றாக மடிப்பு மடிப்பாக, சில இடங்களில் 15,000 அடி. நம் தொட்டபெட்டா 8,652 அடி. அதன் தலையில் இன்னொரு முக்கால் தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்துப் பாருங்கள்! வடக்கே போகப் போக இன்னும் உயரம். விமானிகள் இதற்கு வைத்த பெயர் 'ஹம்ப்'. அதாவது திமில். ஒட்டகத்தின் முதுகில் ஏறி இறங்குவது மாதிரி இந்த மலைகளில் ஏறி இறங்கவேண்டும்.

அப்படி ஏறி இறங்கிக் கொண்டுபோனது என்ன? பீப்பாய் பீப்பாயாகப் பெட்ரோல். குண்டுகள், இயந்திர உதிரிபாகங்கள், மருந்துகள். நாற்பத்திரண்டு மாதங்களில் ஆறரை லட்சம் டன். சி-109 என்று ஒரு விமானம் இருந்தது. குண்டுவீச்சு விமானத்தையே மாற்றிப் பெட்ரோல் டேங்கராக்கியது. அதன் நம்பரையே கொஞ்சம் திருத்தி 'சி-ஒன்-ஓ-பூம்' என்று கூப்பிட்டார்கள் விமானிகள். 'பூம்' என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவோடு தினம் குடித்தனம் நடத்துகிறவனுக்குத்தான் இப்படி ஜோக் அடிக்க வரும்.

மழைக்காலத்தில் மலை முழுக்க மேகம் மூடிக்கொள்ளும். குளிர்காலத்தில் மணிக்கு நூறு மைலைத் தாண்டும் காற்று. இறக்கையில் பனிக்கட்டி படிந்து கனம் ஏறும். விமானம் இறங்க ஆரம்பிக்கும். கீழே மலை. மேலே போகவும் முடியாது, கீழே போகவும் முடியாது. ஜப்பானியர் சுட்டு வீழ்த்தியதைவிட, வானிலையும் மலையும் வாங்கிய பலிதான் மிக அதிகம்.

சுமார் 600 விமானங்கள் போயின. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மலைச்சரிவு நெடுகக் கிடந்த உலோகத் துண்டுகளை வைத்து, அந்த வழிக்கே 'அலுமினியப் பாதை' என்று பெயர் வந்துவிட்டது.

1944 செப்டம்பரில் வில்லியம் டன்னர் என்ற அதிகாரி பொறுப்பேற்ற பிறகுதான் பராமரிப்பு, பாதுகாப்பு எல்லாம் கறாராகி விபத்து விகிதம் குறைந்தது. சரக்கும் பெருகியது. 1945 ஜூலையில் மட்டும் சுமார் 71,000 டன்! இங்கே கற்ற பாடத்தை வைத்துத்தான் 1948-ல் முற்றுகையிடப்பட்ட பெர்லின் நகரத்துக்கு விமானத்திலேயே சோறு போட்டார் அதே டன்னர்.

*

விழுந்தவர்கள் எல்லாருமே செத்துவிடவில்லை. 1943 ஆகஸ்ட் 2 அன்று ஒரு சி-46 விமானம் இன்ஜின் கோளாறாகி நாகா மலையில் விழுந்தது. அதிலிருந்த இருபத்தொரு பேரில் இருபது பேர் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார்கள். துணை விமானி ஒருவர்தான் இறந்தார். குதித்தவர்களில் ஒருவர் எரிக் செவரைட். அமெரிக்காவின் புகழ்பெற்ற ரேடியோ நிருபர்.

காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு ராணுவ டாக்டரும் இரண்டு உதவியாளர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்களும் மேலேயிருந்து அதே காட்டுக்குள் குதித்தார்கள்! திரும்பி வர வழி தெரியாத இடத்துக்கு, தெரிந்தே. நாகா கிராமத்து மக்கள் இடம் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஆட்களோடு நடந்து வந்து அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வருடமே சாபுவாவில் தேடல் - மீட்புக் குழு ஒன்று முறையாக அமைந்தது. அதன் தலைவர் கேப்டன் ஜான் போர்ட்டர். 'பிளாக்கி' என்று செல்லப் பெயர். விழுந்தவர்களைத் தேடித் தேடிப் பறந்த அந்த மனிதர் அதே 1943 டிசம்பரில், அப்படி ஒரு தேடலின்போதே கொல்லப்பட்டார்.

*

திப்ருகரிலிருந்து பாசிகாட்டுக்கு ஒரு ஜீப் பேசிக்கொண்டோம். டிரைவர் ஆதி இனத்துப் பையன். இருபத்தைந்து வயது இருக்கும். எனக்குத் தெரிந்த இந்தி 'டீக் ஹை'யோடு முடிந்துவிடும். என் மனைவியோ தட்சிண பாரத இந்தி பிரசார சபாவில் ராஷ்ட்ரபாஷா வரை பாஸ் செய்தவள். அந்தச் சர்டிபிகேட் ஐம்பது வருடமாக டிரங்க் பெட்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அன்றுதான் விமோசனம். அருணாசலத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு மொழி. பொதுவாகப் பேசிக்கொள்வது இந்தியில். இரண்டு பேரும் பேசிய பேச்சில் நான் பின் சீட்டில் ஒரு சூட்கேஸ் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிரம்மபுத்திராவின் மேல் போகிபீல் பாலம். கிட்டத்தட்ட ஐந்து கிலோ மீட்டர். 2018-ல் திறந்தது. மேலே ரோடு, கீழே ரயில். ருக்சின் என்ற இடத்தில் அருணாசலத்தின் வாசல். வெளி மாநிலத்தவர் 'இன்னர் லைன் பெர்மிட்' காட்டினால்தான் கதவு திறக்கும். பெர்மிட்டில் இருந்த என் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார் காவலர். "போட்டோவுல முடி இருக்குன்னு பார்க்கறார்" என்றாள் சகதர்மிணி.

பாசிகாட் 1911-ல் பிரிட்டிஷார் அமைத்த ஊர். திபெத்திலிருந்து இறங்கி வரும் சியாங் ஆறு மலையை விட்டுச் சமவெளியைத் தொடுகிற இடம். பாசியும் இல்லை, வழுக்கவும் இல்லை. பச்சையும் நீலமுமாக, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஒரு ஊர். ("பேரை வச்சு எடை போடக்கூடாதுங்க" என்று எனக்கே அறிவுரை கிடைத்தது!)

நினைவிடத்துக்கு 'தி ஹம்ப் இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம்' என்று பெயர். 2023 நவம்பரில் முதலமைச்சர் பெமா காண்டுவும் அப்போதைய அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டியும் திறந்து வைத்தார்கள்.

உள்ளே போனால் பிரமாண்டமாக ஒன்றும் இல்லை. அதுதான் நெஞ்சைப் பிசைகிறது. வளைந்துபோன புரொப்பல்லர். நசுங்கிய இன்ஜின். ஆக்ஸிஜன் சிலிண்டர். துருவேறிய இயந்திரத் துப்பாக்கி. கிழிந்த தகடுகள். காட்டிலிருந்து சேகரித்துக் கொண்டுவந்தவை. வடபழனி பக்கம் பழைய இரும்புக் கடையில் போட்டால் எடைக்கு எடை பேரம் பேசுவார்கள். இங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது, அந்த சிலிண்டரில் கடைசியாக மூச்சு வாங்கியவன் யார் என்ற கேள்வி வந்து தொண்டையில் நிற்கிறது.

பார்வையாளர் நோட்டில் என் மனைவி தமிழிலேயே ஒரு வரி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.' சிரிப்பு வந்தது. ஹோட்டல் அறைக்குத் திரும்பிப் படுத்தபோது யோசித்தால், ஒரு நினைவிடத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

*

ஒரே ஒரு விமானத்தின் கதையைச் சொல்கிறேன். 'ஹாட் ஆஸ் ஹெல்' என்று அதற்குப் பெயர். நரகம் மாதிரிச் சூடு! பி-24 ரகம். 1944 ஜனவரி 25 அன்று எட்டுப் பேரோடு குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்குக் கிளம்பியது. வரவில்லை. தேடினார்கள். கிடைக்கவில்லை. 'நரகச் சூடு' என்று பெயர் வைத்துக்கொண்ட விமானம் ஜனவரிக் குளிரில் மலைமேல் கிடந்தது. அறுபது வருடத்துக்கும் மேலாக.

அரிசோனாவைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸ் என்பவர் தன் கைக்காசைப் போட்டு இந்த மலைகளில் விழுந்த விமானங்களைத் தேடி அலைகிறவர். இருபதுக்கும் மேற்பட்ட விமானங்களை அடையாளம் காட்டியிருக்கிறார். 2006-ல் தாம்ரோ கிராமத்துக்கு மேலே இருக்கும் மலையில் 'ஹாட் ஆஸ் ஹெல்'லை அடைந்தார். 'கண்டுபிடித்தார்' என்று நாம் எழுதுகிறோம். அவருக்கு வழி காட்டிப் போனவர்கள் உள்ளூர் வேட்டைக்காரர்கள். அவர்களுக்குத் தெரியாத மலையா? யாரும் அதுவரை அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2008-ல் அமெரிக்க ராணுவக் குழு வந்து பார்த்தது. ஆனால் முறையாகத் தோண்டியெடுக்கும் வேலை நடந்தது 2015-ல். சீன எல்லையை ஒட்டிய பகுதி. ராஜதந்திரச் சிக்கல்கள். எலும்புக்கும் விசா வேண்டியிருக்கிறது! 2016 ஏப்ரலில் டெல்லியில் ராணுவ மரியாதையோடு மிச்சங்கள் விமானத்தில் ஏறின. சோதனைகள் முடிந்து, ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு என்ற லெஃப்டினென்ட்டின் உடல்தான் என்று உறுதியானது. 2017 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் கான்கார்டு என்ற அவருடைய சிறிய ஊரில் அடக்கம் நடந்தது. போனபோது வயது 24. ஊர் திரும்ப எழுபத்து மூன்று வருடம்.

மணிலாவில் ஓர் அமெரிக்க ராணுவக் கல்லறை இருக்கிறது. அங்கே காணாமல் போன 36,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பெயரும் அதில் உண்டு. யாராவது ஒருவரின் உடல் கிடைத்து அடையாளம் தெரிந்துவிட்டால் பெயரை அழிப்பதில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பூ முத்திரை பதிக்கிறார்கள். 'இவன் கிடைத்துவிட்டான்' என்று அர்த்தம்.

இதைப் படித்த அன்றுதான் பாசிகாட் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒருவர் கிடைக்கவில்லை.

*

என் சித்தப்பா. அப்பாவுக்கு அடுத்தவர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து 1940-ல் பதினேழு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதும் வேலை. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் கிளம்பினார்கள். மழை, அட்டை, காலரா, மலேரியா. பல்லாயிரம் பேர் வழியிலேயே போனார்கள். நடந்து ஊர் வந்து சேர்ந்த ஒருவர் அப்பத்தாவிடம் சொன்ன சேதி இது: "மிட்சினாவுல பார்த்தேன் ஆத்தா. பிளேன்ல எடம் கிடைக்குமான்னு காத்துக்கிட்டிருந்தான்."

திமிலைத் தாண்டப் போன அதே வகை டகோட்டா விமானங்கள்தான் அந்த நாட்களில் மிட்சினாவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அஸ்ஸாமுக்கு வந்தன. 1942 மே 8 அன்று மிட்சினாவும் ஜப்பானியர் கைக்குப் போனது. சித்தப்பா பிளேன் ஏறினாரா, இடம் கிடைக்காமல் நடந்தாரா, யாருக்கும் தெரியாது. ஒரு கடுதாசி கிடையாது. ஒரு தந்தி கிடையாது. எந்தச் சுவரிலும் பெயர் கிடையாது.

மகாளய அமாவாசைக்குத் திதி கொடுத்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னபோதெல்லாம் அப்பத்தா சீறும். "காணோம்னுதானடா சொன்னாக? செத்தான்னு எவன் சொன்னான்?" 1983-ல் சாகும்வரை போஸ்ட்மேன் வருகிற நேரத்துக்குத் திண்ணைக்கு வந்துவிடும். கடைசி மூன்று வருடம் அப்பத்தாவைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவள் அப்போது புது மருமகளாக வந்த என் மனைவி.

*

மறுநாள் அந்த டிரைவர் பையன் தன் தாத்தா வீட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். கால்கள் மேல் நிற்கும் மூங்கில் வீடு. நடுவில் அடுப்பு. பெரியவர் அன்போடு ஒரு குவளையில் 'அபோங்' நீட்டினார். அரிசியில் வடித்த பானம். நான் கையை நீட்டுவதற்குள் என் மனைவி ராஷ்ட்ரபாஷாவில் ஏதோ சொல்லி, எனக்கு டீ வந்துவிட்டது!

அடுப்புக்கு மேலே பரணில் கரி ஏறிய பாத்திரம் ஒன்று இருந்தது. தகடு கனம், விளிம்பில் வரிசையாக ஆணி அடித்த ஓட்டைகள். பெரியவர் எடுத்துக் காட்டினார். "எங்க அப்பா காட்டிலேருந்து கொண்டுவந்தது. பிளேன் தகடு. அம்மா இதுலதான் சமைப்பாங்க." இந்தப் பக்கத்து மக்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். விழுந்த விமானம் பாத்திரமாயிற்று.

பிறகு சொன்னார். "ஆனா மனுஷ எலும்பு கிடந்த இடத்துல அப்பா ஒண்ணையும் தொடலே. அது யாரோட பிள்ளையோ. ஆள் வருவாங்கன்னு விட்டுட்டார்."

என் மனைவி இதை எனக்குத் தமிழில் சொல்லும்போது 'யாரோட பிள்ளையோ' என்ற இடத்தில் குரல் உடைந்தது.

யோசித்துப் பார்த்தால், அந்த மியூசியம் பெரியவரின் அப்பா ஆரம்பித்ததுதான். ஆள் வரும்வரை பத்திரமாக விட்டுவைப்பது. ஜெயித்தவன், தோற்றவன் கணக்கெல்லாம் சரித்திரப் புத்தகத்துக்கு. நினைவிடத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான்: 'எங்கே?' என்று கேட்கிறவர்களுக்கு 'இங்கே' என்று ஒரு இடத்தைக் காட்டுவது. என் மனைவி கேட்ட முதல் கேள்விக்குப் பதிலும் அதுதான். காணாமல் போனதை வைக்க முடியாது. காணாமல் போனவன் வரும்வரை இடத்தைத்தான் வைக்க முடியும்.

எல்லாருக்கும் அந்த இடம் கிடைப்பதில்லை. இந்த விமானத் தளங்களையும் சாலைகளையும் போட, தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குச் சுவர் இல்லை. பர்மாவிலிருந்து நடந்து செத்தவர்களுக்கும் இல்லை. பெயர் எழுதி வைத்தவனைத்தான் தேட முடிகிறது. பட்டியலே இல்லாதவனை எந்தக் காட்டில் போய்த் தேடுவது?

*

மூன்றாம் நாள் விடிகாலை என்னை எழுப்பிவிட்டாள். "குளிச்சுட்டு வேட்டி கட்டிக்குங்க. ஆத்துக்குப் போகணும்."

சியாங் கரையில் கூழாங்கல் எல்லாம் பனியில் நனைந்திருந்தது. தண்ணீரில் கால் வைத்ததும் சுரீரென்று ஏறியது குளிர். கைப்பையைத் திறந்து, சென்னையில் செக்யூரிட்டிக்காரர்கள் பிரித்துப் பார்த்த அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். எள்!

"இன்னிக்குத் தை அமாவாசை" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. "அப்பத்தா வேணாம்னுச்சே! வாழ்க்கை பூரா ஒத்துக்கலையே..."

"உங்ககிட்ட எல்லாம் ஒத்துக்கலே. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எங்கிட்ட சொன்னாங்க. 'அந்தப் பக்கம் யாராச்சும் போனீகன்னா, ஒரு கை எள்ளும் தண்ணியும் விட்டுரச் சொல்லு ஆத்தா. இங்க மட்டும் வேணாம். இங்க விட்டா அவன் செத்துப்போனதா ஆயிரும்'னாங்க."

"நாப்பது வருஷமா ஏன் சொல்லலே?"

"நீங்க எப்பவாவது இந்தப் பக்கம் போகலாம்னு சொன்னீங்களா?"

வழக்கம்போல என்னிடம் பதில் இல்லை.

"மிட்சினா இங்கேயிருந்து ரொம்ப தூரம்டி. மலை தாண்டி..."

"ஒரே மலைத் தொடர்ச்சிதானே? ஒரே தண்ணிதானே? விடுங்க."

கிழக்கே மலை விளிம்பில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன். எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் இறங்கி ஆற்றோடு போயிற்று. பெயர் தெரியாத அந்த அமெரிக்கப் பையன்களுக்கும் சேர்த்து இன்னொரு கை விட்டேன். சாஸ்திரத்தில் இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. பெரியவரின் அப்பா சாஸ்திரமா பார்த்தார்?

திரும்பி வரும்போது விமானம் மறுபடியும் ஆடியது. அவள் கண்ணை மூடவில்லை. என்னையும் முறைக்கவில்லை. ஜன்னல் பக்கம் சாய்ந்து, தூரத்தில் தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன பார்க்கறே?" என்றேன்.

"ஒண்ணுமில்லே. அப்பத்தா இனிமே திண்ணையை விட்டு உள்ளே போகலாம்" என்றாள்.